ஹாம் ரேடியோவில் அழைப்புக்குறியை ஏன் 'ஆல்ஃபா, பிராவோ' என்று சொல்கிறார்கள்?

ஹாம் ரேடியோ எனும் பொழுதுபோக்கு வானொலித் தொடர்பில் ஒவ்வொருவருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் உண்டு; அதுதான் அழைப்புக்குறி. அதைச் சொல்லும்போது A-க்கு 'ஆல்ஃபா', B-க்கு 'பிராவோ' என்று ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு சொல்லைச் சொல்வார்கள். எழுத்தை அப்படியே சொன்னால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பிராவோவின் 'பி', பாப்பாவின் 'பி', டெல்டாவின் 'டி', டாங்கோவின் 'டி' எல்லாம் ஈகாரத்தில்தான் முடிகின்றன. தமிழில் எழுதினாலே குழப்பம்! ஹாம் ரேடியோவில் குரலை அனுப்பும் எஸ்எஸ்பி (SSB) என்ற முறையில் குரல் ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குள் அடங்கிவிடும். 'எஸ்'ஸை 'எஃப்'பிலிருந்து பிரித்துக் காட்டும் சீறலில் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் வெட்டுப்பட்டுப் போகும். ஆனால் N-க்கான 'நவம்பர்' இரைச்சலில் பாதி அமுங்கி '...வம்பர்' என்று கேட்டாலும் பிடித்துவிடலாம். 1956 முதல் விமானிகள் சொல்லும் அதே பட்டியல்தான் இது. நீங்களாக வார்த்தை உருவாக்காதீர்கள். எதிர்முனையில் இருப்பவர் பழகிய சொல்லைத்தான் காதில் தேடுவார். அப்படியும் புரியவில்லையா, 'கிலோ'வைக் 'கிலோவாட்' என்று நீட்டிப் பாருங்கள். பலரும் அப்படிச் செய்வதுண்டு.