டாம்பாவில் செமினோல் என்றால் கசினோ மட்டும்தானா?

கசினோ பெயரும் செமினோல், காலேஜ் ஃபுட்பால் டீமும் செமினோல், கவுன்டியும் செமினோல், யார் இவர்கள், பையனைக் கூட்டிப்போய்க் காட்ட இடம் ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். செமினோல்கள் ஃபுளோரிடாவின் பூர்வகுடி மக்கள். டாம்பாவில்தானே வீடு, கசினோவிலிருந்தே ஆரம்பியுங்கள் தம்பி. உள்ளே போகச் சொல்லவில்லை, அது அங்கே வந்த கதையைச் சொல்கிறேன்.

1980ல் டவுன்டவுனில் பார்க்கிங் கட்டடத்துக்காகத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. 1824ல் அமெரிக்க ராணுவம் அமைத்த ஃபோர்ட் புரூக் கோட்டை இருந்த இடம் அது. செமினோல்களைப் பிடித்துவந்து மேற்கே கப்பலேற்றியதும் அங்கிருந்துதான். அந்த முன்னோரை மறுபடி அடக்கம் செய்ய என்று செமினோல்கள் ஓரியன்ட் ரோட்டில் நிலம் வாங்கினார்கள், அது ரிசர்வேஷன், அதாவது பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலம் ஆனது, அப்புறம் சிகரெட் கடை, பிங்கோ ஹால் என்று வளர்ந்து வளர்ந்து இன்றைய ஹார்ட் ராக் கசினோ. 'இவர்களுக்கென்ன, காசு கொட்டுகிறது' என்று ஆபீசில் யாராவது சொன்னால் இது ஞாபகம் இருக்கட்டும்.

1817க்கும் 1858க்கும் நடுவே அமெரிக்க ராணுவத்தோடு மூன்று போர்கள். பெரும்பாலானவர்களை இன்றைய ஓக்லஹோமா பக்கம் அனுப்பிவிட்டார்கள், சில நூறு பேர் மட்டும் தெற்கே சதுப்புநிலத்துக்குள் போய்விட்டார்கள், கடைசிவரை சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. இன்றைய ஃபுளோரிடா செமினோல்கள் அவர்களுடைய வாரிசுகள்.

பையனுக்கு முதலில் எக்மான்ட் கீ என்ற தீவு. ஃபோர்ட் டி சோட்டோ பார்க்கிலிருந்து ஃபெர்ரி போகும். தீவில் குடிதண்ணீர், கடை எதுவும் கிடையாது, எல்லாம் கையோடு கொண்டுபோங்கள். பழைய செங்கல் பாதையில் ஆமைகள் சாவகாசமாகக் குறுக்கே நடக்கும், பையன் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். மூன்றாம் போரில் பிடிபட்டவர்களைக் கப்பல் வரும்வரை இந்த மணலில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். 1858ல் அப்படிக் கொண்டுபோகப்பட்ட பாலி பார்க்கர் என்ற பெண், வழியில் செயின்ட் மார்க்ஸில் கப்பல் நின்றபோது தப்பித்து, தெற்கே ஓக்கிசோபீ ஏரிப் பக்கம்வரை நடந்தே திரும்பினாள். அவள் வம்சம் இன்றும் இருக்கிறது. தீவைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது, தள்ளிப்போடாதீர்கள்.

செயின்ட் அகஸ்டின் கோட்டைக்கு எப்படியும் போவீர்கள், எல்லாரும் பீரங்கியோடு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். டிஸ்னி பக்கத்துக் கவுன்டிக்குப் பெயர் தந்த செமினோல் தலைவர் ஓசியோலாவை 1837ல் வெள்ளைக்கொடி பிடித்துப் பேச வந்த இடத்தில் பிடித்து, இந்தக் கோட்டையில்தான் அடைத்தார்கள். அடுத்த ஜனவரியில் தென் கரோலினாவில் சிறையிலேயே இறந்தார். அதே கோட்டையிலிருந்து கோவாகூச்சி என்ற இன்னொரு செமினோல் தலைவரும் கூட்டாளிகளும் தப்பித்துப் போனார்கள், அந்த அறை எது என்று கேட்டுப் பாருங்கள்.

செமினோல்கள் வாயிலிருந்தே கேட்க வேண்டுமென்றால் பிக் சைப்ரஸ் ரிசர்வேஷனில் இருக்கும் ஆ-தா-தி-கி மியூசியம், அவர்களே நடத்துவது. போக மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் நான் ஒன்றுதான் என்றால் இதைத்தான் சொல்வேன். 'சிக்கீ' குடிசையைப் பாருங்கள், சைப்ரஸ் கம்பம், மேலே பனையோலைக் கூரை, நாலு பக்கமும் சுவரே கிடையாது, நம்மூர்க் கீற்றுக்கொட்டகை மாதிரிதான். துரத்தும் ராணுவத்துக்கு முன்னால் சட்டென்று கட்டவும் விட்டுவிட்டு ஓடவும் தோதான வீடு. அங்கே இருப்பவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள், பையனுக்கு இறகுத் தொப்பியும் வேண்டாம்.

கோடையில் கொசு பிடுங்கித் தின்றுவிடும். டிசம்பர், ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரியில் புஷ்னெல் ஊரில், செமினோல்கள் மேஜர் டேடின் படையை வீழ்த்திய 1835 சண்டையை நடித்துக் காட்டுவார்கள், உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான்.