ஆட்டிசம் உள்ள என் மகன் கடினமானதை உடனே கற்கிறான், எளிதானதில் தடுமாறுகிறான். இது ஏன்?

உங்கள் கேள்வியின் சாரம் இது: பதினொரு வயது மகன் மிருதங்கம் கற்கிறான், சொற்கட்டையும் (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) கோர்வைக் கணக்கையும் (ஒரு சொல்லை மூன்று முறை வாசித்து முடிக்கும் கணக்கு) மூத்த மாணவர்களைவிட விரைவாகப் பிடித்துக்கொள்கிறான், ஆனால் ஒருவர் பாடும்போது கூடவே வாசிக்கச் சொன்னால் கை நின்றுவிடுகிறது, ஆசிரியர் இதைக் கவனக்குறைவு என்கிறார். நான் மிருதங்கம் கற்பிப்பவன்; வளர்ந்த பிறகு ஆட்டிசம் இருப்பது உறுதிசெய்யப்பட்டவன். என் பார்வையில் இது கவனக்குறைவே அல்ல.

எது எளிது, எது கடினம் என்ற வரிசையை வகுத்தவர்கள் ஆட்டிசம் இல்லாதவர்கள். ஒரு கோர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதி தாளத்தில் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. அட்சரத்துக்கு நான்கு மாத்திரை வீதம் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு முழுத் தாளச் சுற்றுக்கு, 32 மாத்திரை. 'ததிகிணதொம்' ஐந்து மாத்திரை, மூன்று முறை வாசித்தால் 15. ஆகவே 17 மாத்திரை கழித்து, அதாவது முதல் திருதத்தின் (ஐந்தாவது அட்சரத்தின்) தட்டிலிருந்து ஒரு மாத்திரை தள்ளி எடுத்தால், சரியாகச் சமத்தில் (அடுத்த சுற்றின் தொடக்கத்தில்) வந்து விழும். நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் மொத்தம் 19. அப்போது 13 கழித்து எடுக்க வேண்டும். இதைச் செய்யத் தேவையானது எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. மாறாக, 'பாட்டைக் கேட்டு வாசி' என்ற கட்டளையில் எதுவுமே சொல்லப்படவில்லை. பாடுபவர் எங்கே மூச்செடுக்கிறார், சங்கதி (ஒரே வரியை மாற்றிப் பாடும் விதம்) மாறப்போகிறதா, பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவிக்குப் போகப்போகிறாரா, எங்கே தொப்பியை (மிருதங்கத்தின் இடப்பக்கம்) அடக்க வேண்டும், அவர் தலையசைத்தது பாராட்டா அல்லது நிறுத்தச் சொல்லும் குறிப்பா என்பவையெல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. மற்ற மாணவர்களுக்கும் இவற்றை யாரும் சொல்லித் தந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே அவர்களுக்கு வந்துவிடுகிறது. உங்கள் மகனுக்கு அப்படித் தானாக வராதது வாய்விட்டுச் சொன்னால் வரும்.

இந்த ஏற்றத்தாழ்வை ஆய்வாளர்களும் பல காலமாகப் பார்த்துவருகிறார்கள். 1993இல் அமித்தா ஷாவும் உட்டா ஃப்ரித்தும் வண்ணக் கட்டைகளை அடுக்கி ஒரு வடிவத்தை உருவாக்கும் சோதனையை ஆராய்ந்தார்கள். வடிவத்தை முன்கூட்டியே கூறுபடுத்திக் காட்டியபோது மற்றவர்களுக்கு அது பெரிதும் உதவியது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அந்த உதவி அவ்வளவாகத் தேவைப்படவில்லை, ஏனெனில் அவர்கள் முழு வடிவத்தை ஏற்கெனவே கூறுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2009இல் வெளியான அத்சுஷி செஞ்சு குழுவினரின் ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. அடுத்தவர் தவறாக நம்பிக்கொண்டிருப்பதை ஊகிக்கும் கேள்விகளுக்கு ஆஸ்பெர்கர் வகை ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் வாயால் சரியாகவே விடை சொன்னார்கள். ஆனால் யாரும் எதுவும் கேட்காதபோது, அந்த நம்பிக்கையின்படி அவர் எங்கே கைவைப்பார் என்று அவர்களுடைய கண்கள் முந்திக்கொண்டு பார்க்கவில்லை. யோசித்தால் விடை கிடைக்கிறது, தானாக வருவதில்லை. மேடையில் யோசிக்க நேரம் கிடையாது என்பதுதான் பக்கவாத்தியக்காரனின் சிக்கல்.

நான் என் மாணவர்களுக்குச் செய்வதைச் சொல்கிறேன். முதலில் மிருதங்கத்தை ஒதுக்கி வைத்துவிடுவேன். பதிவுசெய்த ஒரே பாட்டை, ஒரே பாடகரின் குரலில், தாளம் மட்டும் போட்டுப் பல முறை கேட்கச் சொல்வேன். கை, தாளம், குரல் மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிப்பது எங்களில் பலருக்குப் பெரும் சுமை. பிறகு சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களை, நோட்டில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் நேரே, சங்கதி எத்தனை முறை வருகிறது, எங்கே குரல் கீழே இறங்குகிறது, அங்கே வலந்தலையை (வலப்பக்கம்) மட்டும் தொட்டால் போதுமா என்று குறித்துக்கொள்வோம். அதன் பிறகே வாசிப்பு. அடுத்த கட்டமாக அதே பாட்டை வேறொரு பாடகர் பாடிக் கேட்டு, எந்தக் குறிப்பு பொருந்தவில்லை என்று அடித்துத் திருத்துவோம். இந்தத் திருத்தத்தில்தான் உண்மையான பாடம் இருக்கிறது. ஒரே ஒரு பதிவில் நின்றுவிட்டால், விதியையே பாட்டு என்று நம்பும் அபாயம் உண்டு.

ஆட்டிசம் என்றாலே கணக்கில் புலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சினிமா பரப்பிய அந்த எண்ணம் பிள்ளைகளுக்குக் கெடுதலே செய்திருக்கிறது. கால்நடைத் தொழுவங்களை வடிவமைப்பதில் உலகப் புகழ்பெற்ற டெம்பிள் கிராண்டின் படங்களாகவே சிந்திப்பவர். அல்ஜீப்ரா தமக்குப் பிடிபடவே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். என்னிடம் வந்த பிள்ளைகளிலும் நேர்மாறானவர்கள் உண்டு: கேட்டதை அப்படியே கையில் கொண்டுவந்துவிடுவார்கள், ஆனால் வாசித்த அதே சொல்லைத் தாளம் போட்டு வாயால் சொல்லச் சொன்னால் திணறுவார்கள். அவர்களுக்குக் கையிலிருந்து வாய்க்கு வர வேண்டும். உங்கள் மகனுக்கு வாயிலிருந்து கைக்கு.

பள்ளியில் நுண்ணறிவுச் சோதனை எடுத்திருந்தால், மொத்த எண்ணை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். மிஷெல் டாசன், லோரன் மொத்ரோன் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் பல உட்பிரிவுகள் கொண்ட வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையில் பெற்ற தரநிலையைவிட, வடிவங்களின் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் ரேவன் சோதனையில் சராசரியாக 30 சதமானப் புள்ளிகள் (நூறு பேரில் எத்தனை பேரைவிட மேலே என்ற கணக்கு) உயர்ந்திருந்தார்கள். டாசனே ஆட்டிசம் உள்ளவர். உளவியலாளரிடம் உட்பிரிவு வாரியான மதிப்பெண்களைக் கேட்டு வாங்குங்கள். மேடும் பள்ளமும் எங்கே என்பது அதில்தான் தெரியும்.

விதியாக மாற்றிக் கற்பதற்கும் ஒரு விலை உண்டு. மற்றவர்கள் இயல்பாகச் செய்வதை நாங்கள் யோசித்தே செய்வதால், ஒரு கச்சேரி முடிந்ததும் எனக்கு யாரோடும் பேச முடிவதில்லை. வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும் மகன் ஒரு வார்த்தை பேசாமல் அறைக்குள் போனால், சிறிது நேரம் விட்டுவிடுங்கள்.

ஆசிரியரிடம் ஒன்றை மட்டும் கேட்டுப்பாருங்கள்: அடுத்த வகுப்பில் ஒரே ஒரு பல்லவியை எடுத்துக்கொண்டு, அதில் அவன் எதையெதைக் கேட்க வேண்டும் என்று வரிவரியாகச் சொல்ல முடியுமா? 'இதையெல்லாம் சொல்லித் தர முடியாது, தானாக வர வேண்டும்' என்று அவர் மறுத்தால், வேறு ஆசிரியரைத் தேடுங்கள். மிருதங்கத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.