டிசிஎல் யாருடைய கம்பெனி? கேள்வி பதில்

கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டிவியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர், அதைச் செய்யும் ஆலை, அந்த ஆலையின் பங்குகள் மூன்றும் ஒருவர் கையில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று பிரித்துக் கேட்டால் பதில் சொல்வது சுலபம்.

கார்த்திக்: டிசிஎல் சீன அரசு கம்பெனியா, தனியாரா? நெட்டில் ரெண்டு மாதிரியும் போட்டிருக்கிறார்களே சார்.

ரெண்டும் வெவ்வேறு காலத்துக்குச் சரி. 1981இல் குவாங்டோங் மாகாணத்து ஹுய்ஜோ நகரில் ஆரம்பித்தார்கள். நகராட்சியின் கம்பெனி, ஹாங்காங் முதலீட்டாளர்கள் பங்காளிகள். செய்தது டிவி இல்லை, ஆடியோ கேசட். வைத்த பெயர் டி.டி.கே., ஆங்கிலத்தில் TTK. (நம்ம ஊர் குக்கர் கம்பெனிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) ஜப்பானின் டிடிகே (TDK) கேசட்டைப் பார்த்து வைத்த பெயர் என்பது பார்த்தாலே தெரியும். அந்த ஜப்பான் கம்பெனி விடவில்லை. 1985இல் தொலைபேசிக் கருவி செய்யும் கம்பெனி தொடங்கியபோது வந்த டிசிஎல் என்ற பெயரே நிலைத்தது. கலர் டிவிக்கு வந்தது 1992இல்தான்.

நகராட்சியின் பிடி தளர ஆரம்பித்தது 1997இல். இன்று ஷென்ஜென் பங்குச் சந்தையில் உள்ள தாய்க் கம்பெனி, தனக்குக் கட்டுப்படுத்தும் பங்குதாரர் யாரும் இல்லை என்றே அறிக்கையில் சொல்கிறது. ஹுய்ஜோ அரசிடம் பங்கு இருக்கிறது, ஆனால் முதலாளி என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

நிலா: நிர்வாகத்துக்கு எப்படிப் பங்கு போனது? அரசுச் சொத்தை அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கினார்களா?

சீனாவில் அந்தக் காலத்தில் அப்படி நடந்த கதைகள் உண்டு. இங்கே வழி வேறு. 1997இல் லி டோங்ஷெங் தலைமையிலான நிர்வாகத்துடன் நகராட்சி 5 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அன்று இருந்த சொத்து, அதாவது 30 கோடி யுவானுக்குச் சற்று மேல், முழுக்க அரசுடையது. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அதற்கு மேல் வளர்வதில் மட்டும் பங்கு. நிகரச் சொத்து ஆண்டுக்கு 10 சதவீதத்துக்குள் வளர்ந்தால் நிர்வாகத்துக்கு ஒன்றும் இல்லை. 10 முதல் 25 வரை என்றால் 15 சதவீதம், 25 முதல் 40 வரை என்றால் 30, அதற்கு மேல் போனால் 45. அந்தத் தொகையைப் பையில் போட்டுக்கொண்டு போகாமல் பங்காக எடுத்துக்கொள்ள வேண்டும்.

புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பது என் கருத்து. பழைய சொத்துக்கு விலை போடும் வேலையே இல்லை. ஊழல் நுழைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். 2002இல் கூட்டுப் பங்கு நிறுவனமாக மாற்றி தோஷிபா, சுமிடோமோ போன்ற வெளி முதலீட்டாளர்களைச் சேர்த்தபோது நகராட்சியின் பங்கு 41 சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்தது. 2004 ஜனவரியில் ஷென்ஜென் சந்தையில் பட்டியலானபின் சுமார் 25 சதவீதம்.

ரஃபீக்: ஃப்ளிப்கார்ட்டில் தாம்சன் டிவி வாங்கினேன். தாம்சனை டிசிஎல் வாங்கிவிட்டது என்கிறார்களே, அப்போ இது டிசிஎல் டிவியா?

இல்லை. இந்தியாவில் 2018 முதல் தாம்சன் பெயரை உரிமத்துக்கு எடுத்துச் செய்வது நொய்டாவின் சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ். கோடாக் பெயரில் டிவி போடுவதும் இவர்கள்தான். வாரண்டி, சர்வீஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. டிசிஎல் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனால் திருப்பி அனுப்புவார்கள். இங்கே டிசிஎல்லின் இரண்டாவது பிராண்ட் ஐஃபால்கன்.

செந்தில்: அப்போ 2004இல் தாம்சனிடம் டிசிஎல் வாங்கியது எதைத்தான்? ஏன் நஷ்டமானது?

விரிவாகச் சொல்ல வேண்டிய கேள்வி. தாம்சன் பிரெஞ்சு அரசின் கம்பெனியாக இருந்தது. 1987இல் ஜெனரல் எலக்ட்ரிக்கிடமிருந்து அமெரிக்காவின் ஆர்சிஏ டிவி தொழிலை எடுத்துக்கொண்டது. 1996இல் பிரெஞ்சு அரசே இதைத் தென்கொரியாவின் டேவூவுக்கு ஒரு ஃபிராங்குக்குத் தள்ளிவிடப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. அந்த அளவுக்குக் கடன் சுமை.

2003 நவம்பரில் டிசிஎல் ஒப்பந்தம் போட்டது. 2004 கோடையில் டிடிஇ என்ற கூட்டுக் கம்பெனி பிறந்தது. டிசிஎல் 67 சதவீதம், தாம்சன் 33. ஆசியாவில் டிசிஎல், ஐரோப்பாவில் தாம்சன், வட அமெரிக்காவில் ஆர்சிஏ என்று மூன்று பெயர்களில் விற்பனை. எண்ணிக்கையில் உலகிலேயே பெரிய டிவி கம்பெனி. மெக்சிகோ, போலந்து, தாய்லாந்து ஆலைகள் உள்ளே வந்தன.

உள்ளே வராதவற்றைப் பாருங்கள். டிவி காப்புரிமைகளும் அவற்றின் உரிமத்தொகை வருமானமும் தாம்சனிடமே நின்றன. பிராண்ட் பெயர்களும் உரிமம்தான், கிரயம் இல்லை. பிரான்சின் அஞ்சே ஆலையும் வரவில்லை; ஆனால் அங்கே ஒப்பந்த முறையில் டிவி செய்து வாங்க வேண்டிய கடமை மட்டும் வந்தது. சம்பாதிக்கும் பாகத்தை விற்றவர் வைத்துக்கொண்டார், செலவு வைக்கும் பாகம் வாங்கியவர் தலையில் விழுந்தது.

அதைவிடப் பெரிய அடி கணிப்பில். பிக்சர் டியூப் டிவி இன்னும் பல ஆண்டு ஓடும் என்று கணக்குப் போட்டார்கள். ஐரோப்பியக் கடைகள் எல்சிடிக்குத் தாவிவிட்டன. எல்சிடியில் விலை மாதாமாதம் சரியும். ஆசியாவில் பேனல் (டிவியின் திரைப் பாகம்) வாங்கி, கப்பலேற்றி, போலந்தில் பூட்டி, கடைக்குப் போய்ச் சேர்வதற்குள், வாங்கிய விலையைவிட விற்கும் விலை கீழே போய்விடும். டியூப் காலத்தில் கிடங்கில் இரண்டு மாதச் சரக்கு இருந்தால் பாதுகாப்பு. எல்சிடி காலத்தில் அதுவே நஷ்டம். ஆளைக் குறைக்கலாம் என்றால் பிரெஞ்சு தொழிலாளர் சட்டப்படி இழப்பீடு. 2006 அக்டோபரில் ஐரோப்பியத் தொழிலைப் பெரும்பாலும் மூடுவதாக அறிவித்தார்கள். 2007இல் ஐரோப்பியக் கிளை திவால் மனு கொடுத்தது.

தாம்சன் இதற்கு முன்பே, 2005இல், தன் 33 சதவீதத்தை ஹாங்காங்கில் பட்டியலிட்ட டிசிஎல்லின் டிவி கிளையான டிசிஎல் மல்டிமீடியாவின் பங்குகளாக மாற்றிக்கொண்டது. அதாவது நஷ்டத்தில் இருந்து கைகழுவி, சந்தையில் விற்கக்கூடிய காகிதத்துக்கு வந்தாயிற்று.

ஜெயா: வீடியோகான் வாங்கியதும் இதே தாம்சன்தானா?

அதேதான், வேறு பாகம். டிவியை டிசிஎல்லுக்குக் கொடுத்த தாம்சன், பிக்சர் டியூப் ஆலைகளை (இத்தாலி, போலந்து, மெக்சிகோ, சீனா) 2005இல் வீடியோகானுக்கு 24 கோடி யூரோ அளவிலான ஒப்பந்தத்தில் தள்ளியது. டியூப் செத்துக்கொண்டிருந்த நேரம். இரண்டு ஆசியக் கம்பெனிகளும் ஒரே கடையில் ஒரே மாதிரி ஏமாந்தன என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கார்த்திக்: பிறகு எப்படித் தப்பித்தார்கள்?

2005, 2006 இரண்டு ஆண்டும் நஷ்டம். சீனச் சந்தை விதிப்படி தொடர்ந்து இரண்டு ஆண்டு நஷ்டம் என்றால் பங்கின் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறியும் எஸ்டி என்ற எச்சரிக்கையும் ஒட்டிவிடுவார்கள்; மூன்றாவது ஆண்டும் நஷ்டமானால் வர்த்தகமே நிறுத்தப்படும். டிசிஎல்லுக்கு அது 2007இல் ஒட்டியது. கையில் இருந்த நல்ல தொழில்களை விற்றுக் காசு திரட்டினார்கள். ஸ்விட்ச், சாக்கெட் தொழில் பிரான்சின் லெக்ராந்துக்குப் போனது. 2007இல் லாபம் காட்டிப் பிழைத்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் இன்று யாரும் பேசமாட்டார்கள். பேனல் கைவசம் இல்லாமல் அடிபட்டோம் என்று புரிந்து 2009 நவம்பரில் ஷென்ஜெனில் சிஎஸ்ஓடி பேனல் ஆலையைத் தொடங்கினார்கள். முதலீடு 2,450 கோடி யுவான். அவ்வளவு பணம் ஏது? ஷென்ஜென் நகராட்சியின் முதலீட்டு நிறுவனம் பாதி போட்டது, டிசிஎல் பாதி. ஆலை ஓட ஆரம்பித்ததும் நகராட்சியின் பங்கைப் படிப்படியாக டிசிஎல் வாங்கிக்கொண்டது. அரசு முதல் போட்டு, ஆபத்தைத் தாங்கி, பிறகு விலகுவது சீனப் பேனல் தொழிலில் வழக்கமான முறை. 2020இல் சாம்சங்கின் சுஜோ எல்சிடி ஆலையை 108 கோடி டாலருக்கு எடுத்தார்கள். அதே பேரத்தில் சாம்சங் சிஎஸ்ஓடியில் 12.33 சதவீதம் எடுத்தது. 2024இல் எல்ஜியின் குவாங்ஜோ ஆலைக்கு 1,080 கோடி யுவான் பேரம்.

ரஃபீக்: லெஈகோவும் இதில் பங்கு வைத்திருந்ததா?

ஆமாம், சீனாவின் இணைய வீடியோ கம்பெனியான லெஈகோவுக்கு 2015 டிசம்பர் ஒப்பந்தத்தில் டிசிஎல் மல்டிமீடியாவில் சுமார் 20 சதவீதம். 2017இல் லெஈகோவே கவிழ்ந்ததும் அந்தக் கூட்டணி முடிந்தது.

அன்வர்: டிசிஎல் பங்கு வாங்கினால் டிவி தொழிலில் பங்கு கிடைக்குமா? இரண்டு குறியீடு காட்டுகிறதே.

2019க்குப் பிறகு கவனமாகப் பாருங்கள். அந்த ஆண்டு தாய்க் கம்பெனி டிவி, ஃபோன், ஏசி போன்ற நுகர்பொருள் தொழில்களை மொத்தமாக 476 கோடி யுவானுக்கு விற்றது. வாங்கியது டிசிஎல் இண்டஸ்ட்ரீஸ். லி டோங்ஷெங் தரப்பு நிர்வாகிகளும் ஹுய்ஜோ அரசு முதலீட்டு நிறுவனமும் வேறு சிலரும் சேர்ந்தது. விற்பவர், வாங்குபவர் இரு பக்கமும் ஒரே தலைவர் என்பதால் விலை குறைவு என்று அப்போதே முணுமுணுப்பு எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

ஆகவே ஷென்ஜெனின் 000100 இன்று டிசிஎல் டெக்னாலஜி: பேனலும், 2020இல் தியான்ஜினில் வாங்கிய ஜோங்ஹுவான் வழியே வந்த சோலார் சிலிக்கானும். டிவி தொழில் ஹாங்காங்கின் 1070, டிசிஎல் எலக்ட்ரானிக்ஸ். 2018 வரை மல்டிமீடியா என்ற பெயரில் இருந்ததுதான். அதில் பாதிக்கு மேல் டிசிஎல் இண்டஸ்ட்ரீஸ் கையில். பேனல் விலை ஏறினால் முதலாவதற்கு லாபம், இரண்டாவதற்குச் செலவு.

நிலா: திருப்பதியில் இவர்கள் ஆலை இருக்கிறதாமே?

உண்டு. 2018 டிசம்பரில் அடிக்கல். பேனலின் கண்ணாடித் தகடு சீனாவில் இருந்து வரும். இங்கே நடப்பது அதன் பிந்தைய கட்டப் பூட்டுவேலை.

செந்தில்: நான் டிவி மெக்கானிக். டிசிஎல் டிவியில் சிஎஸ்ஓடி பேனல்தான் இருக்கும் என்று நம்பி ஸ்பேர் வாங்கலாமா?

கூடவே கூடாது. ஒரே மாடலில் இரண்டு மூன்று பேனல் வகைகள் வரும். மற்ற பிராண்ட் டிவிக்குள்ளும் சிஎஸ்ஓடி பேனல் இருக்கும். வாரண்டி முடிந்த டிவி என்றால், பிளக்கைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றி, எதையும் தொடுவதற்கு முன் பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டர் இறங்கியதை மீட்டரில் பாருங்கள். பேனலின் உலோக முதுகில் ஸ்டிக்கர் இருக்கும். எண் எஸ்டி (ST) என்று ஆரம்பித்தால் சிஎஸ்ஓடி. எஸ்டி5461 என்றால் 54.6 அங்குலம். எச்வி என்றால் பிஓஇ, வி மட்டும் என்றால் இன்னோலக்ஸ், எல்சி என்றால் எல்ஜி.

டிகான் போர்டு (பேனலுக்குப் படத்தை அனுப்புவது), பேக்லைட் பட்டை (திரைக்குப் பின்னால் வெளிச்சம் தருவது) இரண்டையும் இந்த எண்ணை வைத்தே வாங்குங்கள், டிவி மாடலை வைத்து வேண்டாம். பட்டையில் எல்இடி எண்ணிக்கையும் ஒரு எல்இடிக்கான வோல்ட்டும் (3 அல்லது 6) பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று போயிருந்தாலும் முழு செட்டை மாற்றுங்கள். புதியதும் பழையதும் கலந்தால் திரையில் பட்டை பட்டையாக வெளிச்சம் தெரியும், மிச்சப் பழைய பட்டைகளும் வரிசையாகப் போகும்.