பாடமாக்கிப் போயும் வரலாற்றில் ஏன் புள்ளி வரவில்லை?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இரண்டு. இங்கே பிரான்சில், கொலேஜில் (நடுநிலைப் பள்ளியில்) மூன்றாவது வருசமான கத்ரியேம் படிக்கும் மகள் வரலாற்றுக் கொப்பியை வரிக்கு வரி பாடமாக்கிக்கொண்டு போயும் 20க்கு 7தான் எடுத்திருக்கிறாள், ரீச்சர் சிவப்பு மையால் "பரஃப்ராஸ்" என்று எழுதிவிட்டிருக்கிறா, இனி என்ன செய்வது என்பது ஒன்று. இந்த நாட்டுக்காரர் தாங்கள் செய்த அநியாயங்களையும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்களா என்பது மற்றது.

முதலாவதுதான் அவசரம். இலங்கையில், நம்ம ஊரில் அரசாங்கம் அச்சடித்துத் தரும் ஒரே புத்தகம், அதில் உள்ளதை அப்படியே சோதனையில் இறக்கினால் புள்ளி. இங்கே கல்வி அமைச்சு பாடத்திட்டத்தை மட்டும்தான் வகுக்கும். புத்தகங்களை அத்தியே, நாத்தான், பெலன் போன்ற தனியார் பதிப்பகங்கள் போடுகின்றன. எதை எடுப்பது என்று பள்ளிக்கூடத்து ஆசிரியர்களே தீர்மானிப்பார்கள். மகளின் புத்தகத்தை ஒருக்கால் திறந்து பாருங்கள். பாடம் என்று எழுதியிருப்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் ஓவியம், வரைபடம், பழைய கடிதம், சட்டத்தின் ஒரு துண்டு, கேலிச்சித்திரம். சோதனையில் கேட்பதும் அவற்றைத்தான்.

இப்போது வகுப்பில் அடிமை வியாபாரம் பற்றிய பாடம் போகிறது என்று எழுதியிருந்தீர்கள், அதையே எடுப்போம். 1685இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி காலத்தில், குடியேற்ற நாடுகளிலிருந்த அடிமைகளுக்காகப் போட்ட "கோட் நுவார்" (கறுப்புச் சட்டம்) என்ற சட்டத்திலிருந்து சில பிரிவுகளைக் கொடுப்பார்கள். அடிமை ஓர் அசையும் சொத்து என்று ஒரு பிரிவு. ஒரு மாதம் தப்பியோடி இருந்தவனுக்குக் காதுகளை அறுத்து, ஒரு தோளில் அரசு முத்திரையான லில்லிப்பூவைச் சூடு போட வேண்டும் என்று இன்னொன்று. "அடிமை சொத்து என்று சட்டம் சொல்கிறது, ஓடினால் காதை வெட்டுவார்கள்" என்று மகள் எழுதியிருப்பாள். அது தாளில் ஏற்கெனவே இருக்கிறது, திரும்பச் சொன்னதற்குப் புள்ளி இல்லை. பரஃப்ராஸ் என்று ரீச்சர் எழுதியது இதைத்தான். அவ எதிர்பார்ப்பது வேறு: இது என்ன வகை ஆவணம், யார் போட்டது, எதற்காக? சொத்து என்று சொல்லிவிட்டு, ஓடுகிறவனுக்கு மனிதனைப் போலத் தண்டனை விதிப்பது ஏன்? ஓடுகிறவர்கள் நிறைய இருந்ததால்தானே இப்படியொரு பிரிவு தேவைப்பட்டது? அடிமையின் குரல் இதில் எங்கே? அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் பல புத்தகங்களில், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாடா எக்கியானோ 1789இல் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பிலிருந்து ஒரு பகுதியைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள்.

அதற்காகக் கொப்பியைப் படிக்க வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்டும் ஆட்களும் தெரியாமல் ஆவணத்தை விளக்க முடியாது. 1794இல் அடிமைமுறையை ஒழித்தார்கள், 1802இல் நெப்போலியன் திருப்பிக் கொண்டுவந்தார், 1848இல் முற்றாக ஒழிந்தது. இது மனதில் நிற்கத்தான் வேண்டும். படித்ததை ஆவணத்தோடு பொருத்தத் தெரிவதுதான் இவர்கள் பார்க்கும் கெட்டித்தனம்.

உங்களுக்கு பிரெஞ்சு இன்னும் ஓடவில்லை என்று கவலைப்பட்டிருந்தீர்கள். இதற்கு பிரெஞ்சு தேவையில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு படத்தைக் காட்டச் சொல்லி, யார் செய்தது, எப்போது, யார் பார்ப்பதற்கு, எதை மறைக்கிறது என்று தமிழிலேயே கேளுங்கள். அவள் தமிழில் யோசித்துச் சொன்னதை அடுத்த நாள் பிரெஞ்சில் எழுதட்டும். பள்ளிக்கூடத்தில் "துவார் ஃபே" என்று இலவசமாக வீட்டுப்பாடத்துக்கு உதவும் நேரம் உண்டு, அதில் பெயர் கொடுங்கள். காசு கட்டி ரியூஷன் பிறகு பார்க்கலாம். சின்ன விசயம் இன்னொன்று: இங்கே நூற்றாண்டுகளை ரோமன் எண்களில்தான் எழுதுவார்கள். நம் பிள்ளைகள் அதில் தடுக்கி, பதினெட்டையும் பதினாறையும் மாற்றி வாசித்துவிடுவார்கள். ஒரு பின்னேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

சரி, இரண்டாவது கேள்வி. படிப்பிக்கிறார்கள், ஆனால் சும்மா வந்துவிடவில்லை. 1942 ஜூலையில், ஜெர்மன் நாசிகள் பிரான்சைப் பிடித்து வைத்திருந்த நேரம், பாரிசில் பதின்மூவாயிரம் வரையான யூதர்களை அவர்களுக்காகப் பிடித்துக் கொடுத்தது பிரெஞ்சுப் பொலிஸ். அதில் அரசின் பொறுப்பை ஒரு ஜனாதிபதி, ஷிராக், வாய்திறந்து ஒப்புக்கொண்டது 1995இல். பிரான்சின் ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில் விடுதலைக்காக நடந்ததைப் "போர்" என்று சட்டம் ஏற்றது 1999இல். அடிமை வியாபாரத்தை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று சொன்ன 2001ஆம் ஆண்டுச் சட்டம், பாடத்திட்டத்தில் அதற்கு உரிய இடம் வேண்டும் என்றும் சொன்னது. 2005இல் குடியேற்ற ஆட்சியின் "நல்ல பங்கை"ப் பாடத்தில் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டப்பிரிவு போட்டார்கள். வரலாற்று ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் எழும்பிவிட்டார்கள், அடுத்த ஆண்டே அது நீக்கப்பட்டது. எனக்கு இந்தச் சண்டைதான் பிடித்திருக்கிறது. ஊரில் வரலாற்றுப் புத்தகம் யாருடைய கதையைச் சொல்கிறது என்று நமக்குள் முணுமுணுத்ததைத் தவிர நாங்கள் என்ன செய்ய முடிந்தது? எங்கள் கதையை மட்டும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். குடியேற்ற நாடுகளின் விடுதலைப் பாடத்தில் அல்ஜீரியாவும் இந்தியாவும் வரும், இலங்கை வராது.

ஒன்றில் மட்டும் கவனம். கிறிஸ்தவத்தின் தொடக்கம், இஸ்லாத்தின் தொடக்கம் எல்லாம் இங்கே வரலாற்றுப் பாடம்தான், மதபோதனை இல்லை. எங்கள் சமயத்துக்கு ஒத்துவராது, பிள்ளையை அந்த வகுப்புக்கு விடமாட்டேன் என்று போய் நிற்காதீர்கள், அதற்கு இடமில்லை. 2020 ஒக்டோபரில் சாமுவேல் பட்டி என்ற வரலாற்று ஆசிரியரை, வகுப்பில் நபிகள் நாயகத்தின் கேலிச்சித்திரம் காட்டியதற்காக ஒரு தீவிரவாதி கொன்ற பிறகு ஆசிரியர்கள் இந்த விசயத்தில் மிகவும் உறுதியாக இருக்கிறார்கள்.

அடுத்த வருசம், கொலேஜின் கடைசி வகுப்பான துருவாசியேமில், பிரெவே என்ற முடிவுச் சோதனை. வரலாறு, புவியியல், குடிமைக் கல்வி மூன்றுக்கும் சேர்த்து இரண்டு மணித்தியாலம். அதிலும் ஆவணக் கேள்வியும், ஏறக்குறைய இருபது வரியில் தொடர்ந்து எழுத வேண்டிய ஒரு விடையும் வரும். பழைய வினாத்தாள்கள் அமைச்சின் எதுஸ்கோல் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. லீவுக்கு ஒன்றிரண்டை எழுத வைத்து, திறந்ததும் ரீச்சரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் கண்ட வரையில், கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு.