சாயம், லேபிள் எதுவும் ஒட்டாமல் ஒளியை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கும் பயோசென்சர் எப்படி வேலை செய்கிறது? நம்ம ஊர் லேபுக்கு வருமா?

மன்னார்குடி பக்கம் ஒரு சின்ன லேபில் பதினோரு வருஷமாக டெக்னீஷியன். ஐப்பசி பிறந்தால் எங்களுக்கு டெங்கு சீசன்.

அதற்கு நாங்கள் செய்யும் ரத்தப் பரிசோதனை என்எஸ்1 எலிசா; என்எஸ்1 என்பது டெங்கு வைரஸின் ஒரு புரதம். தட்டின் சின்னக் குழியில் பிடிபட்ட அந்தப் புரதத்தின் மேல், என்சைம் கட்டிய ஆன்டிபாடியை (அந்தப் புரதத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் பொருள்) ஏற்றுவோம். அந்த என்சைம்தான் லேபிள், அதாவது நிறம் காட்டிக் கொடுக்கும் அடையாளம். கழுவி, மறுபடி கழுவி, டிஎம்பி என்ற நிறம் மாறும் திரவத்தை விட்டால் குழி நீலமாகும். ஆசிட் விட்டதும் மஞ்சள். கழுவுகிற கை கொஞ்சம் அசந்தால் நோயே இல்லாதவரின் குழியும் மஞ்சளாகிவிடும்.

லேபிள் இல்லாத முறைக்கு நம்ம ஊரிலேயே ஒரு பங்காளி உண்டு: கரும்பு வெட்டுக்கு முன்னால் ஆலைக்காரர் எடுத்துவரும் பிரிக்ஸ் மீட்டர். ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் இனிப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். சாற்றில் எதையும் கலப்பதில்லை. சர்க்கரை ஏற ஏற ஒளி வளைவது மாறுகிறது, அவ்வளவுதான்.

லேபிள் இல்லாத பயோசென்சர்களில் ஒன்றான எஸ்பிஆர் சென்சரும் அதே கணக்குதான், ரொம்ப நுணுக்கமாக. கண்ணாடியின் மேல் சுமார் 50 நானோமீட்டர் தங்கப் பூச்சு. அடியிலிருந்து ஒளி பாய்ச்சினால் ஒரு கோணத்தில் மட்டும் திரும்பி வரும் ஒளி மங்கும். அதன் சக்தியைத் தங்கத்தின் எலக்ட்ரான்கள் வாங்கிக்கொள்கின்றன. தங்கத்தில் ஆன்டிபாடியை நட்டுவைத்து, மேலே சீரத்தை (ரத்தத்தில் பிரித்தெடுத்த தெளிந்த நீர்) ஓடவிட்டால், நோய்ப் புரதம் ஒட்ட ஒட்ட அந்தக் கோணம் நகரும். ஸ்வீடனில் 1983-லேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள். 1990-ல் பயாகோர் என்ற எஸ்பிஆர் மெஷின் விற்பனைக்கும் வந்தது.

அப்புறம் ஏன் இங்கே இல்லை? ஒட்டியது யார் என்று தங்கத்துக்குத் தெரியாது. ரத்தத்தில் அல்புமின் என்ற சாதாரணப் புரதம் கொட்டிக் கிடக்கிறது. அது வந்து ஒட்டினாலும் கோணம் நகரத்தான் செய்யும். அதைவிடப் பெரிய வில்லன் வெயில். ஒரு டிகிரி சூடு ஏறினால் தண்ணீரின் ஒளிவிலகல் எண் (ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு) சுமார் 0.0001 மாறும். இந்த மெஷினோ அதில் நூறில் ஒரு பங்கையும் கண்டுகொள்ளும். மதியம் கரண்ட் போய் ஏசி நின்றால் என்ன ஆகும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிக் கூடத்துக்கும் மருந்துக் கம்பெனிக்கும் அருமையான கருவி; எங்கள் மேஜைக்கு இப்போதைக்கு வராது என்பது என் கணிப்பு.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்ட பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எலிசா ரீடர் மூடிக் கிடந்தது. மெஷின் தேவைப்படாத, நோய் இருந்தால் கோடு விழும் கார்டு டெஸ்ட்தான் ஓடியது. பெரும்பாலான கார்டுகளில் அந்தச் சிவப்புக் கோடும் தங்கத் துகள்தான், அங்கே அதுவே லேபிள். டார்ச் அடித்து அடித்து அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ரிப்போர்ட் எழுதினோம்.