அளவெடுத்துக் கட்டிய ரோடு சைக்கிள்: கேள்வி பதில்

படங்களையும் பாகப் பட்டியல்களையும் அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. இருபது வருஷமாக ஆளுக்கு அளவெடுத்து ஸ்டீலிலும் டைட்டானியத்திலும் ஃபிரேம் கட்டி வருகிறேன். அதனால் ஃபிரேம், ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் குட்டைக் கை), சக்கரம் இவை ஒன்றோடொன்று எப்படிச் சேரும் என்பதைத்தான் இங்கே பேசப்போகிறேன். உடம்பு வலி பற்றிய கேள்விகள் என் வேலை இல்லை. தொடங்கும் முன் ஒன்று: ஃபோர்க்கின் ஸ்டீரர் குழாயை, அதாவது மேலே போய் ஸ்டெம்மைத் தாங்கும் குழாயை, அவசரப்பட்டு வெட்டாதீர்கள். வெட்டிய குழாய் வளராது.

கேள்வி: என் அளவுக்கே கட்டிய டைட்டானியம் ஃபிரேம். ஸ்டெம்முக்குக் கீழே 45 மி.மீ. ஸ்பேசர் (ஸ்டெம்மை உயர்த்தும் வளையங்கள்) இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் அசிங்கம் என்கிறார்கள். ஸ்டெம் 110 மி.மீ., மைனஸ் 6 டிகிரி. என்ன செய்யலாம் அண்ணா?

அசிங்கம் என்று சொன்னவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள், ஆனால் குற்றம் ஸ்பேசர் மேல் இல்லை. கடையில் வாங்கிய ஃபிரேமில் 45 மி.மீ. ஸ்பேசர் இருந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது யாரோ ஒரு சராசரி ஆளுக்காகச் செய்தது. உங்களுக்கென்றே கட்டிய ஃபிரேமில் அவ்வளவு இருக்கிறது என்றால், கை எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்யாமலே படம் வரைய ஆரம்பித்திருக்கிறார்கள். உட்காரும் இடம், கை வைக்கும் இடம், கால் சுற்றும் இடம் இந்த மூன்றையும் முதலில் தாளில் குறித்துவிட்டு, அப்புறம்தான் அவற்றைச் சேர்க்கும் குழாய்களை வரைய வேண்டும். அப்படி வரைந்திருந்தால் ஹெட் ட்யூப் (ஸ்டீரர் உள்ளே போகும் முன்குழாய்) 30 மி.மீ.யாவது நீளமாக வந்திருக்கும், ஸ்பேசர் ஒன்றரை சென்டிமீட்டரோடு நின்றிருக்கும்.

இன்னொன்றும் நடந்திருக்கும். ஸ்டீரர் நேராக நிற்பதில்லை, பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. தரையிலிருந்து அந்தச் சாய்வு, அதாவது ஹெட் ஆங்கிள், 73 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 10 மி.மீ. ஸ்பேசர் ஏற்றும்போது ஹேண்டில்பார் கிட்டத்தட்ட 3 மி.மீ. உங்களை நோக்கி வருகிறது. 45-க்கு 13 மி.மீ. போய்விட்டது. 110 ஸ்டெம் தேவைப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது செய்யக்கூடியது: அதே ஸ்டெம்மைத் தலைகீழாகப் போடுங்கள். மைனஸ் 6 இப்போது பிளஸ் 6 ஆகும். 110 நீளத்துக்கு இது ஸ்டீரர் வழியே 23 மி.மீ. உயரம் தருகிறது. அந்த 23 மி.மீ. ஸ்பேசரை எடுத்துவிட்டால் கை இருக்கும் இடம் துளியும் மாறாது, முன்னும் இல்லை பின்னும் இல்லை, ஏனென்றால் ஸ்டெம் புரளுவதும் ஸ்பேசர் இறங்குவதும் ஒரே சாய்வுக் கோட்டில் நடக்கிறது. மேல்நோக்கிய ஸ்டெம் அழகா என்று கேட்டால், அழகில்லை. ஆனால் ஸ்பேசர் கோபுரத்தை விட நல்லது, பாதுகாப்பும் கூடுதல். கார்பன் ஸ்டீரர் செய்யும் பல கம்பெனிகள் 30 அல்லது 40 மி.மீ. ஸ்பேசருக்கு மேல் போடாதே என்று கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் ஃபோர்க்கின் கையேட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். குழாயை மட்டும் வெட்டாதீர்கள்.

கேள்வி: பார் டேப்பும் சீட்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டுமா?

இருந்தால் நல்லது. இரண்டும் கறுப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: புது ஸ்டீல் ஃபிரேமுக்கு எந்த பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுழலும் பேரிங் தொகுதி) போடச் சொல்லலாம்? கட்டுகிறவர் டி47 என்கிறார், நண்பர் பழைய மரைதான் நல்லது என்கிறார்.

கிராங்க் (பெடல் மாட்டும் கை) எது என்று முதலில் முடிவு செய்யுங்கள், விடை தானாக வரும். 24 மி.மீ. அச்சுள்ள கிராங்க் என்றால் பழைய பிஎஸ்ஏ மரையே போதும். வலதுபக்கக் கிண்ணத்துக்கு இடதுமரை என்பதை மட்டும் கழற்றும்போது மறக்காதீர்கள், மறந்துபோய் மரையைத் தின்ற ஃபிரேம்கள் என்னிடம் எத்தனையோ வந்திருக்கின்றன. 30 மி.மீ. அச்சு என்றால் பிஎஸ்ஏ-வில் பேரிங்குக்கு இடம் குறுகிவிடும், குண்டுகள் சின்னதாகும், சீக்கிரம் தேயும். அங்கே டி47 சரி. 2015-இல் கிறிஸ் கிங், ஆர்கனாட் கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்தது அது, பிரஸ்ஃபிட் 30-இன் அகலத்தை எடுத்துக்கொண்டு அழுத்திச் செருகுவதற்குப் பதில் மரை போட்டார்கள். அகலமான ஷெல் (பாட்டம் பிராக்கெட் பொருந்தும் குழாய்) இருப்பதால் தடித்த டவுன் ட்யூபை (ஹெட் ட்யூபிலிருந்து அங்கே இறங்கும் குழாயை) பற்றவைக்கவும் இடம் கிடைக்கிறது. மெல்லிய குழாய் ஃபிரேமில் அதே ஷெல் பானை மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். பிரஸ்ஃபிட்டை ஸ்டீல் ஃபிரேமில் கேட்டு வாங்காதீர்கள். துளை அளவு கொஞ்சம் பிசகினாலும் மிதிக்கும்போதெல்லாம் கிரீச் கிரீச் என்று கேட்கும்.

கேள்வி: 28.6 மி.மீ. டாப் ட்யூப், 31.8 டவுன் ட்யூப், லக் (குழாய்கள் சேரும் மூட்டு உறை) வைத்து பிரேஸ் செய்த ஸ்டீல் ஃபிரேம். 50 மி.மீ. ஆழமுள்ள கார்பன் ரிம் போடலாம் என்றிருக்கிறேன். எப்படி இருக்கும்?

சக்கரம் மட்டும்தான் தெரியும், ஃபிரேம் தெரியாது. லக் முனைகளை ஒருவர் உட்கார்ந்து அரத்தால் தேய்த்து மெல்லியதாக்கியிருக்கிறார், அந்த வேலையைப் பத்தடி தூரத்தில் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். என் கணக்கு இது: டவுன் ட்யூபின் தடிமனை விட ரிம் ஆழமாக இருக்கக் கூடாது. உங்களுக்கு 30 வரை போகலாம்.

மறுப்பு: இது வெறும் பழைய காலத்து ஏக்கம். ஆழமான ரிம் காற்றைக் கிழிக்கும், வேகம் கூடும். வேகமான சக்கரத்தை அழகுக்காக வேண்டாம் என்பதா?

வேகம் பற்றி உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. எதிர்க்காற்றில் ஆழமான ரிம் உதவுகிறது. பக்கக்காற்றில் முன்சக்கரத்தைப் பிடித்து இழுக்கவும் செய்கிறது. கேட்டவர் 'எப்படி இருக்கும்' என்றுதான் கேட்டார், அதற்குத்தான் பதில் சொன்னேன்.

மறுப்பு: அந்தக் காலத்து ஆட்கள் அந்தக் காலத்தின் புதுசைத்தானே போட்டார்கள்? டூலியோ காம்பக்னோலோ 1930-இல் குவிக் ரிலீஸ் (கையால் திருப்பிச் சக்கரத்தைக் கழற்றும் பூட்டு) கொண்டுவந்தபோது யாராவது 'பழைய நட்டே அழகு' என்று சொல்லியிருந்தால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

மாட்டேன். இது நல்ல கேள்வி. நான் காலத்தைக் கலக்காதே என்று சொல்லவில்லை. லக் வைத்த ஃபிரேமில் வயர்லெஸ் கியர் பூட்டியிருக்கிறேன். கேபிள் இல்லாததால் குழாய்கள் சுத்தமாகத் தெரிந்தன, அவ்வளவு அழகாக வந்தது. 1997 வாக்கில் ஜயண்ட் கம்பெனியின் டிசிஆர் சைக்கிள் சாய்ந்த டாப் ட்யூபோடு வந்தபோது பலர் முகம் சுளித்தார்கள், இன்று பாதி ஃபிரேம்கள் அப்படித்தான் இருக்கின்றன, எனக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு உறுத்துவது தடிமன் வித்தியாசம். மெல்லிய கோடுகளால் ஆன ஒரு பொருளில் இரண்டு கறுப்புத் தட்டுகளைச் செருகினால் கண் எங்கே போகும்?

மறுப்பு: நான் அப்படியே வைத்திருக்கிறேன், படம் அனுப்பியிருக்கிறேன். ஸ்டீல் ஃபிரேம், 45 ரிம். நன்றாக இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பார்த்தேன். நன்றாக இருக்கிறது. ஏன் என்றும் சொல்கிறேன். உங்களுடையது 44 மி.மீ. ஹெட் ட்யூப், உள்ளே கீழ்ப்பக்கம் அகலும் கார்பன் ஃபோர்க், டவுன் ட்யூபும் 38 இருக்கும் போலிருக்கிறது, டிஸ்க் பிரேக், கறுப்பு கிராங்க். தடிமன் ஃபோர்க்கில் தொடங்கி ரிம் வரை படிப்படியாகப் போகிறது. என் கணக்குப்படி 45 என்பது 38-ஐத் தாண்டுகிறது, ஆனால் ஃபோர்க் கால்கள் நடுவில் இருந்து அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகின்றன. அதனால் என் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன்: டவுன் ட்யூபோடு ஃபோர்க்கையும் சேர்த்துப் பாருங்கள். மேலே கேட்டவருக்கு மெல்லிய ஸ்டீல் ஃபோர்க் இருந்தால் பழைய பதிலேதான்.

கேள்வி: 50 ரிம் கேட்டவன் நான்தான். ஸ்டீல் ஃபோர்க்தான் இருக்கிறது. ஃபோர்க்கை மாற்றி கார்பன் போட்டால் 50 போடலாமா?

ஒரு சக்கரத்துக்காக ஃபோர்க்கை மாற்ற ஆரம்பித்தால் சைக்கிள் ஓடும் விதமே மாறும், கவனம். ரேக் (ஸ்டீரரின் கோட்டிலிருந்து சக்கர அச்சு முன்னே தள்ளியிருக்கும் தூரம்) 43, ஹெட் ஆங்கிள் 73, 25 டயர் என்றால் டிரெயில் (அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) 58 மி.மீ. அருகில் வரும். ரேக் 50 உள்ள ஃபோர்க் போட்டால் டிரெயில் 50-க்கு இறங்கிவிடும், ஹேண்டில் இலகுவாகத் திரும்பும், சிலருக்குப் பதற்றமாகவே இருக்கும். ஃபோர்க்கின் நீளமும் முக்கியம்: 20 மி.மீ. நீளமான ஃபோர்க் ஹெட் ஆங்கிளைச் சுமார் 1 டிகிரி படுக்க வைக்கும், பாட்டம் பிராக்கெட்டையும் தூக்கும். கட்டியவரிடம் வரைபடம் இருக்கும், அவரைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். என்னைக் கேட்டால் வெள்ளி நிற ரிம், 32 ஸ்போக், 28 டயர்.

கேள்வி: ஸ்டெம்முக்குக் கீழே 40 மி.மீ. ஸ்பேசர் இருக்கிறது, அசிங்கமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஹுக்லெஸ் ரிம்மில் (டயரைக் கவ்வும் உள்மடிப்பு இல்லாத ரிம்) 28 டியூப்லெஸ் டயருக்கு 85 பிஎஸ்ஐ அடிக்கிறேன், பார்க்க டயர் நன்றாக உருண்டையாக நிற்கிறது. சரிதானே?

தவறு. இன்றைக்கே காற்றை இறக்குங்கள். ஹுக்லெஸ் ரிம்முக்கு உச்சவரம்பு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. ரிம் கம்பெனியின் பட்டியலில் அந்த டயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். 85 தேவைப்படும் எடை உங்களுக்கு என்றால் அகலமான டயருக்குப் போங்கள், அல்லது ஹுக் உள்ள ரிம் வாங்குங்கள்.

கேள்வி: முழங்கால் வெளிப்பக்கம் வலிக்கிறது, கிராங்க் 165 போடலாமா?

மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம் சைக்கிளை உடம்புக்குப் பொருத்தித் தரும் ஃபிட்டரிடம்.

கேள்வி: டைட்டானியம் ஃபிரேமில் நீலமும் ஊதாவும் கலந்த அனோடைஸ் வேலை பார்த்தேன். அது எப்படிச் செய்கிறார்கள், நிலைக்குமா?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவு நேரம் காத்திருந்தேன். அதில் சாயம் எதுவும் கிடையாது. குழாயை மின்கரைசலில் நனைத்து மின்சாரம் செலுத்தினால் மேலே கண்ணாடி போல ஓர் ஆக்சைடு படலம் வளர்கிறது. வோல்ட்டேஜ் கூடக் கூடப் படலம் தடிக்கும். படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறமாகத் தெரிகிறது. மயில் இறகின் நிறமும் இப்படி ஒளியின் விளையாட்டால் வருவதுதான். குறைந்த வோல்ட்டேஜில் வெண்கல நிறம், அப்புறம் ஊதா, நீலம், பிறகு மஞ்சள், இளஞ்சிவப்பு, கடைசியில் பச்சை. நல்ல ரத்தச் சிவப்பு இதில் வராது, அதைக் கேட்டுக் கட்டுகிறவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். உயர்ந்த நிறத்திலிருந்து இறங்க முடியாது என்பதால் டேப் ஒட்டி மறைத்து, அதிக வோல்ட்டேஜில் தொடங்கிக் கீழே வருவார்கள். வெயிலில் வெளுக்காது, உரசினால் போகும். கேபிள் உரசும் இடத்திலும் பை கட்டும் இடத்திலும் வேண்டாம். கை எண்ணெய் பட்டால் நிறம் மங்கித் தெரியும், துடைத்தால் திரும்ப வந்துவிடும். ஹெட் ட்யூப், சீட் ஸ்டே (சீட்டுக்குக் கீழிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் குழாய்) இரண்டிலும் கொஞ்சமாக, மீதி எல்லாம் பிரஷ் செய்த வெறும் உலோகம், இது எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை.

கேள்வி: பிரேக் ஹோஸ் எல்லாம் ஹெட்செட் (ஸ்டீரர் சுழலும் பேரிங்) வழியாக உள்ளே போகும்படி கட்டச் சொல்லலாமா? முன்பக்கம் சுத்தமாக இருக்கும்.

சுத்தமாக இருக்கும், உண்மை. ஆனால் பல அமைப்புகளில் மேல் பேரிங் மாற்றவே ஹோஸைக் கழற்றி, எண்ணெய் நிரப்பி, காற்று எடுக்க வேண்டும். சில அமைப்புகளில் ஸ்டெம் மாற்றவும் அதே கதை. கை எங்கே வர வேண்டும் என்று இன்னும் முடிவு செய்யாதவர் இதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். டவுன் ட்யூபின் மேல்பகுதியில் ஒரு சின்னத் துளை வைத்து உள்ளே விடச் சொல்லுங்கள், பத்தடியில் யாருக்கும் தெரியாது.

கேள்வி: 6.8 கிலோவுக்குக் கீழே கொண்டுவர எந்தப் பாகத்தை மாற்றலாம்?

அது யுசிஐ (சர்வதேச சைக்கிள் சம்மேளனம்) 2000-இல் போட்டிச் சைக்கிள்களுக்கு வைத்த கீழ்வரம்பு. நீங்கள் அந்தப் போட்டிகளில் ஓட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிரேக் லீவரை உள்பக்கம் நன்றாகத் திருப்பி வைத்தால் ரேஸ் சைக்கிள் மாதிரி இருக்குமே?

அதிகமாகத் திருப்புவதை யுசிஐயே 2024-இலிருந்து தடை செய்துவிட்டது. நேராக வையுங்கள்.

கேள்வி: ஸ்பேசர் எவ்வளவு இருந்தால்...

முதல் பதில்.

கேள்வி: 45 மி.மீ. ஸ்பேசர் கேட்டவன். ஸ்டெம்மைத் திருப்பிப் போட்டு 23 மி.மீ. எடுத்துவிட்டேன். எடுத்த ஸ்பேசரை இப்போதைக்கு மேலே போட்டிருக்கிறேன், குழாய் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இன்று மாலை வெட்டிவிடலாமா?

வேண்டாம். அது அப்படியே நிற்கட்டும், படத்தில் எப்படித் தெரிந்தாலும் பரவாயில்லை. உள்ளே இருக்கும் விரியும் பிளக் ஸ்டெம் கவ்வும் இடம் வரை எட்டுகிறதா என்று மட்டும் இப்போதே பாருங்கள். எட்டவில்லை என்றால் நீளமான பிளக் வாங்கிய பிறகு ஓட்டுங்கள், ஸ்டெம் போல்ட்டை அதில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மேல் முறுக்காதீர்கள். ஒரு மாதம், நீண்ட ஓட்டங்கள் நாலைந்து. ஸ்பேசரை 5 மி.மீ. ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். அதற்குப் பிறகும் இதே உயரம்தான் வேண்டும் என்றால் ஸ்டெம்முக்கு மேலே 5 மி.மீ. ஸ்பேசர் ஒன்று நிற்கும்படி விட்டு வெட்டுங்கள், குழாயின் முனை அந்த ஸ்பேசரின் விளிம்புக்கு 3 மி.மீ. கீழே இருக்க வேண்டும். கார்பனுக்கு உரிய பிளேடு, வழிகாட்டும் கவ்வி, தூசு பறக்காமல் இருக்கத் தண்ணீர், முகத்துக்கு மாஸ்க்.

வெட்டுவதற்கு முந்தின நாள் ஒரு படம் அனுப்புங்கள். கோடு போட்ட இடத்தை நான் ஒரு தடவை பார்க்கிறேன்.