கத்திரி வெயிலில் வந்த கார் ஏசி கேள்விகள்

நெடுஞ்சாலையில் ஜில்லென்று இருக்கிறது. சிக்னலில் நின்றால் வெறும் காற்றுதான் வருகிறது. (தாம்பரம்)

ஏசி கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் ஃபேனைப் பாருங்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்வித்துவிடும். நின்றால் ஃபேன்தான் கதி. சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் தேடவும். சுற்றுகிறதென்றால் கண்டென்சரில் அடைந்த மண்ணைக் கழுவுங்கள். வாட்டர் வாஷ் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடிக்க வேண்டாம், அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும்.

என் காரில் ஏசி சரியில்லை. என்ன செய்யலாம்? (சேலம்)

என்ன கார், எந்த வருடத்து வண்டி? காற்றே வரவில்லையா, வந்தும் குளிரவில்லையா? கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் ஓடத் தொடங்குகிறதா? இதில் ஒன்றைக்கூட எழுதாமல் கேட்டால் நான் கிளி ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

ப்ளோயரை நான்கில் வைத்தால் மட்டுமே காற்று வருகிறது. (கோவை)

ப்ளோயரின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெஸிஸ்டர் போய்விட்டது. புதிதாகப் போட்டதும் மறுபடி போனால் ப்ளோயர் மோட்டார் இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் கேஸ் நிரப்புகிறேன், ஜூலைக்குள் தீர்ந்துவிடுகிறது. தரமான கேஸ் எங்கே கிடைக்கும்? (மதுரை)

எரிந்து தீர்ந்துபோக அது பெட்ரோல் இல்லை ஐயா. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. மூன்று மாதத்தில் குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை. ஓட்டைக் குடத்தில் காவிரித் தண்ணீரை ஊற்றினால் என்ன, போர் தண்ணீரை ஊற்றினால் என்ன?

குழாய் இணைப்பின் ரப்பர் வளையமான ஓ-ரிங், கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல், கல் பட்ட கண்டென்சர், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில்: பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று. கேஸோடு ஆயிலும் கசியும் என்பதால் அந்த இடத்தில் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருக்கும். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டையை அடைத்த பிறகு அரை மணி நேரமாவது வேக்குவம் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால், கூலிங் காயிலுக்கு முன்னால் உள்ள குறுகிய வழியான எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதன் பிறகே கேஸ், அதுவும் எடை போட்டு. சின்னக் காருக்கு ஏறக்குறைய 400 கிராம். சரியான அளவு பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். கூடுதலாக ஏற்றினாலும் குளிராது, பிரஷர் ஏறி கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும்.

தராசும் இல்லாமல், பிரஷர் பார்க்கும் கேஜும் மாட்டாமல், குழாயைக் கையால் தொட்டுப் பார்த்து "போதும் சார்" என்று சொல்பவர்களை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். நீங்கள் வருடா வருடம் போவதால்தான் அவர்களும் கடை நடத்துகிறார்கள்.

முதல் அரை மணி நேரம் அருமை. பிறகு காற்று குறைந்துகொண்டே போகிறது. பத்து நிமிடம் அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி குளிர்கிறது. (ஓசூர்)

கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. முதலில், உள்ளே வரும் காற்றின் தூசியைப் பிடிக்கும் கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டின் இடப்பக்க அறைக்குப் பின்னால் இருக்கும். வண்டி வாங்கியதிலிருந்து மாற்றியிருக்க மாட்டீர்கள். அது சுத்தமாக இருந்தால் காயிலின் குளிரை அளக்கும் தெர்மிஸ்டரைச் சோதிக்கவும். கேஸ் குறைந்தாலும் இப்படி ஆவதுண்டு. ஆனால் கேஜ் மாட்டாமல் கேஸ் ஏற்றாதீர்கள்.

முன் சீட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்குகிறது. (நாகர்கோவில்)

வெறும் தண்ணீர் என்றால் ஏசி தண்ணீரை வெளியேற்றும் ட்ரெயின் குழாயில் அடைப்பு. நிறமும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் கசிகிறது. அப்படியென்றால் வண்டியை ஓட்டாதீர்கள்.

மதியம் வெயிலில் நிறுத்திய கார் குளிர இருபது நிமிடம் ஆகிறது. கேஸ் போதவில்லை என்கிறார் மெக்கானிக். (வேலூர்)

கேஜ் மாட்டிப் பார்த்துச் சொன்னாரா? கண்ணாடிகளை இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டுங்கள், பிறகு ஏற்றிவிட்டு, வெளிக்காற்று வராதபடி ரீசர்குலேஷனில் போடுங்கள். வேலூரில் மே மாதத்துக்கு இருபது நிமிடம் பெரிய விஷயமில்லை.